கண்டக்டர் படுத்த பக்கம்

மடியில இருக்கிற பையிலேர்ந்து வாடை வருதுன்னு பக்கத்து சீட்டுப் பொம்பளை முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டா. வச்சுக்கட்டும், நெத்திலிக் கருவாடு பின்ன மல்லிகைப்பூவாட்டமா மணக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே டோல்கேட் போகுமா போகுமான்னு ரெண்டு தடவை கேட்டேன், பஸ்காரர் எரிச்சலா போர்டைக் காட்டினார், படிச்சேன், படிச்சும் நம்பிக்கை வரல. எனக்கு எப்பவுமே அப்படித்தான். பஸ் கிளம்பினதும் இது எந்தப் பக்கம் போகுதுன்னு ஜன்னல் வழியா கடை போர்டைத் தேடுவேன். கல்யாணமாகி உறையூருக்கு வந்து புள்ளை பெத்து அவனுக்கும் கல்யாணம் முடிச்சு ஓசூருக்கு அனுப்பியாச்சு, இன்னும் சத்திரத்துல இறங்கினா மலைக்கோட்டை எங்கன்னு அண்ணாந்து தேடிட்டுத்தான் கால் நகரும். இவர் சிரிப்பார். 'கோமு, உனக்குச் சோத்தாங்கை எது பீச்சாங்கை எதுன்னு சாப்பிட உக்காந்தாத்தான தெரியும்'பார். ஆயுசு பூரா கரூர் ரூட்டுல பஸ் ஓட்டின மனுஷன், சந்தானம் டிரைவர்னா அந்த ரோட்டுல டீக்கடைக்கு டீக்கடை தெரியும். கண்ணை மூடிக்கிட்டே குளித்தலை வந்துருச்சுன்னு காத்தை வச்சுச் சொல்வார். வெளியூர் லாட்ஜுல தங்கினாக்கூட படுக்கிறதுக்கு முந்தி யாரையும் கேக்காம வடக்கு எதுன்னு அவருக்குத் தெரியும், அந்தப் பக்கம் தலை வைக்க மாட்டார். எனக்கு எங்கேர்ந்து தெரியும். நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே போனவ. அந்த நான் இப்ப தன்னந்தனியா ரெண்டு ஆறு தாண்டி ஒரு பூனையைத் தேடிப் போய்க்கிட்டிருக்கேன்.

அதுக்குப் பேரு கண்டக்டர். இவர் வச்ச பேருதான். செம்பட்டை நிறம், வால் நுனி மட்டும் கதவுல மாட்டி மடங்கினது. நெத்திலிக் கருவாடுன்னா அதுக்கு உசிரு, தின்ன வாடையோடயே வந்து படுக்கும். பக்கவாதம் வந்து இவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த வாரம், எங்கேர்ந்தோ வந்து கட்டில்ல ஏறி இவருக்கு இடது பக்கம், விலாவை ஒட்டிப் படுத்துச்சு. அது எங்க படுத்திருக்குன்னு நான் சொன்னதும், அந்தப் பக்கம் திரும்பாமலே, 'கண்டக்டர் எப்பவும் எனக்கு இடது கைப்பக்கம் பின்னாடி நின்னுதான் விசில் அடிப்பான், இதுவும் அங்கதான் இடம் புடிச்சிருக்கு'ன்னார். பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு இவருக்கு. இடது கையும் காலும் விழுந்துபோச்சு, அதுகூட அப்புறம். இடது பக்கமே விழுந்துபோச்சு. டாக்டர் சொன்னப்ப எனக்குப் புரியல. கண்ணு தெரியுது, ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே மூளைக்குத் தெரியாதாம். வீட்டுக்கு வந்து தட்டுல சோறு வச்சப்பதான் புரிஞ்சுது. வலது பாதியைச் சாப்பிட்டுட்டு, இன்னும் கொஞ்சம் போடுன்னார். தட்டுல பாதி சோறு அப்படியே கிடக்கு. நான் தட்டைத் திருப்பி வச்சேன், 'ம், இப்ப போட்டியே'ன்னு சாப்பிட்டார். சமையக்கட்டுக்குள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். ஷேவ் பண்ணினா அரை மூஞ்சிதான். பயிற்சி கொடுக்க வர்ற யாஸ்மின் பொண்ணு ஒருநாள், 'ஐயா, கரூர் பஸ்ஸை எடுங்க, வழியில என்னென்ன தெரியுது சொல்லிட்டே வாங்க'ன்னுச்சு. இவருக்கு உற்சாகம். ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, வாழைத்தோப்பு, ஆறு, ஆத்துல குளிக்கிற ஆளுக, எல்லாம் சொன்னார். 'சரி, கரூர் வந்தாச்சு, வண்டியைத் திருப்பிக்கிட்டு வாங்க'ன்னுச்சு. திரும்பி வந்தார். பெட்ரோல் பங்க் சொன்னார், ரைஸ் மில் சொன்னார், ஸ்கூல் சொன்னார். காவிரியைச் சொல்லவே இல்ல. வரும்போது அது இடது பக்கமாச்சே. திருச்சி வந்து சேர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியைக்கூட அவர் பாக்கல.

இந்தா பாலம் வந்துருச்சு. காவிரி. பக்கத்துப் பொம்பளை முந்தானையை எடுத்துட்டு ஆத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுக்கிறா. காத்து உள்ள வருது, கருவாட்டு வாடை முன்னாடி சீட்டுக்குப் போயிருக்கும். ஆறு தாண்டிட்டா பூனை திரும்பி வராதுக்கான்னு சொன்னது பக்கத்து வீட்டு ரெஜினா. 'சாக்குல போட்டு, தலையைச் சுத்தி மூணு சுத்து சுத்தி, ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க. தண்ணி குறுக்க இருந்தா வாசம் அறுந்துரும், அதுக்கு வழி தெரியாது.' அவ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி. இப்பவும் அவதான் இவரைப் பாத்துக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கா, நல்லவதான், அவளைச் சொல்லி என்ன. நான் கேட்டதுக்குத்தான அவ சொன்னா. எதுக்குக் கேட்டேன். சோத்துல முடி விழுதுன்னு கேட்டேன். நோயாளி படுக்கையில பூனை படுக்கலாமான்னு கேட்டேன். பொய். முடி எப்பவும்தான் விழுந்துச்சு. அது இல்ல. யாஸ்மின் பொண்ணு வந்த முதல் நாளே சொல்லியிருச்சு, எப்பவும் இடது பக்கமா நின்னு கூப்பிடுங்க, டம்ளரை இடது பக்கம் வைங்க, அந்தப் பக்கம் ஏதோ இருக்குன்னு அவரைத் தேட வைங்க, இந்த ஆறேழு மாசம்தான் மூளை வளைஞ்சு கொடுக்கும், அப்புறம் இப்படியே பழகிரும், பாதி உலகத்தோடயே இருந்துருவாருன்னு. நான் நிக்காத நேரமா. இந்தாங்க, இங்க பாருங்க, கோமு இங்க நிக்கிறேன்னு இடது பக்கம் நின்னு தொண்டை வத்தக் கூப்பிடுவேன். அவர் வலது பக்கம் சுவத்தைப் பாத்து 'என்ன கோமு'ம்பார். அந்தச் சுவத்துல கேலண்டர்தான் தொங்குது. கேலண்டரைப் பாத்துப் பேசுவார், காபி நல்லாருந்துச்சும்பார், தலைவலியான்னு கேப்பார். நான் இந்தப் பக்கம் நின்னு அவர் பிடரியைப் பாத்துக்கிட்டிருப்பேன்.

அன்னைக்கு மத்தியானம் சமையக்கட்டு வாசப்படியில நின்னு பாத்தேன். பாக்காமலே இருந்திருக்கலாம். கண்டக்டர் கட்டில்ல ஏறிச்சு, வழக்கமான இடத்துல ஒரு சுத்து சுத்திட்டுப் படுத்துச்சு, குர்ருன்னு சத்தம் கொடுத்துச்சு. இவர் கழுத்து மெதுவா நகர்ந்துச்சு. துருப்பிடிச்ச கதவு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. நடுவைத் தாண்டி, அந்தாண்ட, இடது பக்கம். கண்ணும் போச்சு. அதை முழுசாப் பாத்தார். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்க கொண்டுபோய் அது தலையைத் தடவி, 'கண்டக்டர், டிக்கெட் போட்டாச்சா'ன்னார். நான் சந்தோஷப்பட்டிருக்கணும். ஓடிப்போய் யாஸ்மினுக்குப் போன் பண்ணியிருக்கணும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா, ஆத்திரம்.  இத்தனை நாள் மூத்திரம் எடுத்தவ நான், முதுகு துடைச்சவ நான், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சவ நான், எனக்குத் திரும்பாத கழுத்து தெருவுல திரிஞ்ச பூனைக்குத் திரும்புது. மறுநாள் அந்தப் பொண்ணு, 'அம்மா, எதுக்காவது திரும்பினாரா'ன்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். எதுக்கு இல்லைன்னேன். ஒரு வார்த்தைதான, ஆமான்னு சொன்னா என் குடி முழுகிப் போயிருக்குமா. அதுக்கு அடுத்த நாள்தான் ரெஜினாகிட்ட பூனையை விரட்ட என்ன வழின்னு கேட்டேன்.

கொள்ளிடம் பாலம் போயிருச்சு, டோல்கேட், டோல்கேட்னு கத்துறாங்க. இறங்கிட்டேன். இறங்கினதும் பழையபடி அண்ணாந்து நின்னேன். மலைக்கோட்டையைத் தேடினேன், தென்னை மரமும் பேனருமா மறைச்சுக் கிடக்கு. போன வியாழக்கிழமை நான் பஸ்ஸுல வரல, ஆட்டோவுல வந்தேன். எங்க தெரு ஸ்டாண்டு ஆட்டோவா இருந்தா இவர்கிட்டப் போய்ச் சொல்லிருவாங்கன்னு, மெயின் ரோட்டுல போற ஏதோ ஒரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். அரிசிச் சாக்குக்குள்ள கண்டக்டர். ஆத்தைத் தாண்டினதும் அந்த ஆட்டோக்காரர்கிட்ட, நேராப் போகாதீங்க தம்பி, சந்து சந்தா வளைஞ்சு போங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, மறுபடி அந்தப் பக்கம் திரும்புங்கன்னு நானே சொன்னேன். பூனைக்குத் திசை தெரியக் கூடாதாம். எதுக்குக்கா இந்தச் சுத்துன்னு அவர் கேட்டார், பேசாம போங்கன்னேன். வழி பூரா நான் வெளிய பாக்கவே இல்ல. மடியில சாக்கு அசையாம இருந்துச்சு, கத்தவும் இல்ல, செத்துருச்சோன்னு பயந்து அதையே பாத்துக்கிட்டு வந்தேன். உள்ளே அதோட நெஞ்சு படபடன்னு அடிச்சது என் தொடையில தெரிஞ்சுது. பூனைக்கு வழி தெரியக் கூடாதுன்னு நான் போட்ட சுத்துல எனக்கு வழி தெரியாம போச்சு. அந்த ஆட்டோக்காரர் மூஞ்சியும் ஞாபகம் இல்ல. மஞ்சப் பெயின்ட் அடிச்ச ஒரு காம்பவுண்டு ஞாபகம் இருக்கு, பாதி கட்டி நிறுத்தின ஒரு வீடு, எங்கயோ மோட்டார் ஓடுற சத்தம். இங்க எல்லாக் காம்பவுண்டும் மஞ்சளா இருக்கு. எல்லா வீடும் பாதியில நிக்குது.

ஒரு சந்துக்குள்ள நுழைஞ்சு கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சுக் கையில பிடிச்சுக்கிட்டேன். கூப்பிட வெக்கமா இருந்துச்சு, அப்புறம் வெக்கத்தை விட்டுட்டுக் கண்டக்டர், கண்டக்டர்னு கூப்பிட்டேன். துணி காயப்போட்ட ஒரு ஆளு வேலிக்கு மேல எட்டிப் பாத்து, 'பஸ் ஸ்டாப்பு அந்தப் பக்கம்மா, இங்க பஸ் வராது'ன்னார். பூனையைத் தேடுறேன்னேன். 'பூனைக்கு யாரும்மா கண்டக்டர்னு பேரு வப்பாங்க'ன்னார். எங்க வீட்டுக்காரர் வப்பார்னு சொன்னேன். அவருக்கு என்ன தோணுச்சோ, 'செம்பட்டைப் பூனையா, தண்ணி டேங்குப் பக்கம் ஒண்ணு திரியுது பாருங்க'ன்னார். ஓடினேன். இந்த முழங்காலை வச்சுக்கிட்டு எப்படி ஓடினேன்னு தெரியல. டேங்குக்குக் கீழ செம்பட்டையா ஒண்ணு முதுகைக் காட்டி உக்காந்திருந்துச்சு. கண்டக்டர்னேன். திரும்பிச்சு. வால் நுனி நேரா இருந்துச்சு. அதுபாட்டுக்கு வந்து கருவாட்டைத் தின்னுச்சு, தின்னட்டும்னு கொஞ்சம் போட்டேன். அந்தச் சுவத்தோரம் எறும்பு வரிசையாப் போய்க்கிட்டிருந்துச்சு, கருவாட்டுத் தூளுக்கு ஒண்ணொண்ணா வரிசையை விட்டு வெளிய வந்துச்சு. சின்னதுல எறும்பு வரிசையில குறுக்க விரலை வச்சு அழுத்தித் தேய்ப்பேன் நான். அங்க வந்து எல்லாம் தவிக்கும், முட்டும், திரும்பும், வேடிக்கையா இருக்கும். இப்ப தேய்ச்சுப் பாக்கத் தோணல. ஆனா அதுங்க தவிச்சுத் தவிச்சு எப்படியோ மறுபடி வரிசை சேந்துரும், அதுவும் ஞாபகம் வந்துச்சு. கண்டக்டருக்கும் ஏதாவது இருக்கும், மூக்கோ மீசையோ, எனக்கு இல்லாத ஏதோ ஒண்ணு. அதுக்கு மூணு சுத்து சுத்தினா மறந்துருமா. சுத்தினேன்ல, சாக்கைத் தலைக்கு மேல தூக்கி, அந்த ஆட்டோக்காரர் பாக்க. பாவி.

புதுசாக் கல்யாணமான வருஷம் சத்திரத்துல நான் தொலைஞ்சுபோனேன். இவர் டிக்கெட் ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன் நில்லுன்னார், நான் கூட்டத்தோட நகர்ந்து எந்தப் பக்கமோ போயிட்டேன். ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கித் தேடி, பொழுது சாயற நேரத்துல கண்டுபிடிச்சார். திட்டல. மூஞ்சி வெளுத்திருந்துச்சு. 'கோமு, தொலைஞ்சா நகராத. எங்க தொலைஞ்சியோ அங்கயே நில்லு. நீ நின்னாத்தான் நான் வர முடியும்'னார். அதுக்கப்புறம் எங்க போனாலும் நான் அப்படியே நிப்பேன், அவர் எப்படியும் வந்துருவார். கண்டக்டருக்கு இதை யாரு சொன்னா. சொல்லியிருந்தா அந்தப் பாதி வீட்டு வாசல்ல இன்னமும் நின்னுக்கிட்டிருக்குமோ. சாக்கு வாயைத் திறந்ததும் அது ஓடல. வெளிய வந்து, என் காலை உரசிட்டு, உக்காந்து என்னைப் பாத்துச்சு. நான் திரும்பிப் பாக்காம வந்தேன். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு ரெஜினா சொன்னா, பாத்திருந்தா அந்த வீடாவது ஞாபகம் இருந்திருக்கும். நேத்து இவர் சாப்பிடவே இல்ல. 'கண்டக்டர் எங்க, வண்டி எடுக்கணும்'னு கேலண்டரைப் பாத்துக் கேட்டார். சுத்தப் போயிருக்குன்னேன். யாஸ்மின் பொண்ணு பென்சிலை ஆட்டிக் காட்டிச்சு, மணி அடிச்சுச்சு, அவர் கழுத்து நடு வரைக்கும் வர்றதுகூட நின்னுபோச்சு. அப்புறம்தான் அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அது என்னைத் திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். 'அம்மா, அவர் எதுக்குத் திரும்பினா என்னம்மா, திரும்பினாரே. அதைப் பிடிச்சுக்கிட்டே மிச்சத்தையும் இழுத்திருக்கலாமே. முடிஞ்சா கொண்டு வாங்க'ன்னுட்டுப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருச்சு.

வெயில் சாயற வரைக்கும் சுத்தினேன். ஒரே டீக்கடைக்கு மூணாவது தடவை வந்து நின்னப்ப கடைக்காரரே ஒரு டம்ளர் தண்ணியை நீட்டி, 'உக்காருங்கம்மா, வீடு எங்க'ன்னு கேட்டார். என்னைத் தொலைஞ்சுபோனவன்னு நினைச்சுட்டார். உறையூர்னேன். அவரே கூட வந்து பஸ் ஏத்திவிட்டார். கொள்ளிடம் பாலத்துல வண்டி மெதுவாப் போச்சு. கம்பி வழியா எட்டிப் பாத்தா கீழே மணல், மணலுக்கு நடுவுல தண்ணி, எவ்வளவு அகலம், போகும்போது நான் இதைப் பாக்கவே இல்லையே. அது வரணும்னா இந்தப் பாலத்து ஓரமாத்தான் வரணும், லாரிக்கும் கைப்பிடிச் சுவத்துக்கும் நடுவுல. ரோட்டோரம் கிடந்த துணி, சாக்கு, கிழிஞ்ச டயர் எல்லாம் எனக்குப் பூனையாத் தெரிஞ்சுது. ஒவ்வொண்ணா வால் நுனியைத் தேடிக்கிட்டு வந்தேன். ஒண்ணும் இல்லைன்னு ஆனதும் அப்பாடான்னு இருந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்லையேன்னு அழுகை வந்துச்சு. காவிரி வந்ததும் தூரத்துல மலைக்கோட்டை தெரிஞ்சுது. எனக்கு வழி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ரெஜினா எழுந்துட்டா. கிடைக்கலையாக்கான்னு உதட்டை மட்டும் அசைச்சுக் கேட்டா, தலையை ஆட்டினேன், செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. யாஸ்மின் பொண்ணு சொல்லிக் கட்டிலைத் திருப்பிப் போட்டதுலேர்ந்து வாசல் இவருக்கு இடது கைப்பக்கம். யாரு வந்தாலும் அவருக்கு வாசலே இல்லாத வீட்டுக்குள்ள வந்த மாதிரிதான். பையைக்கூட வைக்காம இடது பக்கத்து ஸ்டூல்ல அப்படியே உக்காந்தேன், கால் கெஞ்சுது. இவர் கேலண்டரைப் பாத்துக்கிட்டுக் கிடந்தார். நான் கூப்பிடல. கூப்பிட்டு என்ன. கையெல்லாம் கருவாட்டு வாடை, கழுவக்கூட எழுந்திரிக்க முடியல. அப்பத்தான் இவர் மூக்கு விரிஞ்சுது. ஒரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை. கழுத்து நகர்ந்துச்சு.  கேலண்டர், ஜன்னல், மின்விசிறி எல்லாத்தையும் தாண்டி, நடுவையும் தாண்டி, அந்தாண்ட வந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு கண்ணு. எத்தனை நாளாச்சு அந்தக் கண்ணை நேரா பாத்து. 'கண்டக்டரா'ன்னார். அப்புறம் என்னைப் பாத்து, 'நீயா'ன்னார்.

பொய் சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல. 'நான்தாங்க. கண்டக்டரைச் சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டேன். இன்னைக்குப் போய்த் தேடினேன், கிடைக்கல. நீங்க எனக்குத் திரும்பாம அதுக்குத் திரும்புனீங்க, என்னால தாங்க முடியல'ன்னேன். உதடு ஒரு பக்கமா இழுத்துச்சு. 'எந்த இடத்துல விட்ட'ன்னார். தெரியலைன்னேன். 'உனக்கு எங்க தெரியும்'னார், கோவமா இல்ல, அலுப்பா. அப்புறம், 'டோல்கேட் பக்கமா? பாலம் இருக்குல்ல. தெற்கே பாத்து வந்தா ரெண்டு பாலம். வந்துரும் அது, கதவைச் சாத்தாத'ன்னார். வராதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வச்சுட்டு, அதே ஸ்டூல்ல வந்து உக்காந்தேன். அதுக்கு அப்புறம் அவர் கழுத்து வலது பக்கம் போகல. இடது பக்கமே பாத்துக்கிட்டிருக்கார். கண்ணு கொஞ்சம் கலங்கியிருக்கு, கலங்கினாலும் எடுக்கல. அவர் பாக்குறது வாசலைத்தான், எனக்குத் தெரியும். வாசலுக்கும் அவருக்கும் நடுவுல நான் இருக்கேன், அதனால என்னைத் தாண்டித்தான் பாக்கணும். அடுப்புல உலை வைக்கணும், விளக்குப் போடணும், கை கழுவணும். நான் நகரலை.